பழைய மெசி 135ஐ வீட்டு முற்றத்தில் திருத்தி எடுப்பது

மெசி பெர்குசன் 135 வெளிவந்தது 1964இல். இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் இருந்த பானர் லேன் தொழிற்சாலையில் செய்த வண்டி. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வயல் உழுத பழைய உழவு இயந்திரங்களில் பெரும்பங்கு இதுவும் இதற்கு முந்தைய 35உம்தான். உள்ளே இருப்பது பேர்க்கின்ஸ் 3.152 டீசல் எஞ்சின்: 3 சிலிண்டர், 2.5 லீற்றர், ஏறத்தாழ 45 குதிரைவலு. பிறகு வந்த 240க்கும் இதே குடும்பத்து எஞ்சினைத்தான் பூட்டினார்கள். அதனால் லைனர் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழாய்), பிஸ்டன், காஸ்கட், பில்டர் எல்லாம் இன்றைக்கும் கடையில் கிடைக்கின்றன. பழைய வண்டியொன்றில் காசு போடலாமா என்று யோசிப்பவருக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேறு இல்லை.

இப்படி ஒரு வண்டி கைக்கு வந்ததும் பலர் செய்வது, ஒரு கிழமைக்குள் எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பிவிட்டு பெயின்ட் வாங்கப் போவது. அப்படிப் பரப்பிய வண்டிகளில் பாதி திரும்பப் பூட்டப்படுவதே இல்லை. எது பழுது, எது நல்லது என்று தெரியாமல் கழற்றியதால் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் போகிறது. முதலில் சோதிக்க வேண்டும், அளக்க வேண்டும். அளவு சொல்கிற இடத்தை மட்டும் திறக்க வேண்டும்.

ஆயுதங்களில் ஒரு விசயம். இந்த வண்டியின் நட்டுகள் அங்குல அளவு. 9/16 அங்குலம் என்பது 14.29 மி.மீ. 14 ஸ்பனர் ஏறாது, 15 போட்டால் வழுக்கி மூலைகளைத் தின்றுவிடும். 1/2 அங்குல நட்டில் 13 போட்டாலும் ஆட்டம் இருக்கும். 3/4க்கு 19 மட்டும் பொருந்தும். ஆகவே 7/16, 1/2, 9/16, 5/8, 3/4, 15/16 அளவுகளில் ரிங் ஸ்பனரும் சொக்கற்றும் வாங்கிவிடுங்கள். கூடவே இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ஸ்பனர், சிறு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், இரண்டு ஹைட்ரோலிக் ஜக், நான்கு நல்ல ஸ்டாண்ட். செங்கல், கொங்கிறீட் கல் மேல் இந்த வண்டியை ஏற்றி வைத்துக் கீழே படுக்கவே கூடாது. கல் சொல்லாமல் வெடிக்கும்.

கழற்றாமல் பார்ப்பது

டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு கோட்டுக்கு மேலே நின்று டீசல் மணம் வந்தால் அனேகமாக டீசல் தூக்கும் சிறிய பம்பின் டயபிறம் கிழிந்திருக்கிறது, அல்லது டீசல் பம்பின் தண்டு சீல் போய்விட்டது. இரண்டுமே டீசலை எஞ்சினுக்குள் விடும். அந்த ஒயிலோடு எஞ்சினை ஓட்டினால் பெயரிங் போகும். அடுத்து எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்பின் ஆணியை மெதுவாகத் தளர்த்தி முதலில் வருவது என்ன என்று பாருங்கள். தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும், முதலில் அதுதான் வரும்.

பிறகு எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். முன் கப்பி நட்டில் நீண்ட பிடி போட்டு வண்டி ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று. சுற்றினால் நல்லது. இறுகியிருந்தால் இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். கொனெக்டிங் ராட் வளைவதும் லைனர் கீறுவதும் அப்படித்தான். மூன்று இன்ஜெக்டரையும் கழற்றி, டீசலும் கியர் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு துளைக்குள்ளும் அரைக் கோப்பை விட்டு, நாலைந்து நாள் விட்டுவிட்டு, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசையுங்கள். அசைந்தால் இன்ஜெக்டர் துளைகள் திறந்தபடியே சுற்றி ஒயிலை வெளியேற்ற வேண்டும். மூடியபடி சுற்றினால் அந்த ஒயில் அமுக்கப்பட இடமில்லாமல் ராட்டை வளைத்துவிடும். அசையவே இல்லையென்றால் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைத் திறந்து, பிஸ்டன் தலையில் மரக்கட்டை வைத்துத் தட்டித்தான் இறக்க முடியும்.

சுற்றுகிற எஞ்சின் என்றால் பழைய டாங்கி டீசலை நம்பாமல் ஒரு போத்தல் சுத்தமான டீசலைத் தனிக் குழாயில் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். கியரின் உயர்வு-தாழ்வு லீவர் நடுவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டருக்கு மின் போகாது. இது பழுதல்ல, பாதுகாப்பு சுவிட்ச். ஓடிச் சூடானதும் நான்கு விசயம் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது புகை நிறம்: நீலம் என்றால் ஒயில் எரிகிறது, கறுப்பு என்றால் டீசல் கூட அல்லது காற்றுக் குறைவு, சூடான பிறகும் வெள்ளை என்றால் டீசல் எரியாமல் போகிறது. இரண்டாவது, ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் எவ்வளவு ஆவி அடிக்கிறது. மூன்றாவது ஒயில் அழுத்தம்: சூடான நிலையில் முழு வேகத்தில் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலுக்குக் கீழே போகக் கூடாது. நான்காவது கொம்பிறெசன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம். நல்ல எஞ்சின் 350 இறாத்தலுக்கு மேலே காட்டும். ஆனால் பற்றரி பலவீனமாக இருந்தால் எல்லாமே குறைத்துக் காட்டும் என்பதால் மூன்று சிலிண்டருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒன்று மற்றவற்றைவிட 50 குறைவாக இருந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் அல்லது லைனர். ஏறாவிட்டால் வால்வு அல்லது காஸ்கட்.

இந்த நான்கும் சரியாக இருந்தால் எஞ்சினைத் திறக்க வேண்டாம். ஒயில் கசிகிறது, அழுக்காக இருக்கிறது என்பதெல்லாம் திறப்பதற்குக் காரணமல்ல.

டீசல் வழி

பழைய மெசியின் "எஞ்சின் பழுது" என்று சொல்லப்படுவதில் கணிசமானவை இங்கேதான் முடிகின்றன. ஆகவே இந்த வேலையை அவசரப்படாமல் செய்ய வேண்டும்.

டாங்கியை இறக்கி, உள்ளே ஒரு முழ நீளச் சிறிய சங்கிலியும் கொஞ்ச டீசலும் போட்டுக் குலுக்கி ஊற்றுங்கள். துரு வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பெற்றோலால் கழுவ வேண்டாம், மிஞ்சும் ஆவி ஆபத்து. அடியிலுள்ள குழாயின் கம்பிவலையையும், தூக்கும் பம்பிலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தையும் கழுவிப் புது ரப்பர் வளையம் போடுங்கள். பில்டர் சிஏவி 296. மாற்றும்போது மேலேயும் கீழேயும் நடுவிலும் வருகிற வளையங்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பழைய வளையம் தலைப்பகுதியின் தவாளிப்புக்குள் ஒட்டியபடி இருக்கும். அதைக் கிளறி எடுக்காமல் புதியது போட்டால் வளையம் இரண்டாகிக் காற்று இழுக்கும். ஸ்டார்ட் ஆகிப் பத்து நிமிடத்தில் அணைகிற வண்டிக்கு இது ஒரு வழக்கமான காரணம்.

காற்று எடுக்கும் முறை இப்படி. பில்டர் தலையிலுள்ள ஆணியைத் தளர்த்தி, தூக்கும் பம்பின் கைப்பிடியை அடியுங்கள். பிடி தளர்வாக, எதிர்ப்பே இல்லாமல் அசைந்தால் பம்ப் கெட்டுவிட்டதென்று முடிவெடுக்க வேண்டாம். உள்ளே கேம் உயர்ந்த நிலையில் நின்றால் பிடிக்கு ஓட்டம் இருக்காது. எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடியுங்கள். குமிழி இல்லாத டீசல் வந்ததும் இறுக்குங்கள். அடுத்தது டீசல் பம்ப். அதில் இரண்டு காற்று ஆணி: ஒன்று பக்கவாட்டில், ஒன்று மேலே கவர்னர் மூடியில். இரண்டையும் தளர்த்தி அடித்து, கீழே உள்ளதை முதலிலும் மேலே உள்ளதைப் பிறகும் இறுக்க வேண்டும். பிறகு ஸ்டொப் பிடியை உள்ளே தள்ளி, வேகப் பிடியை முழுதாகத் திறந்து, மூன்று இன்ஜெக்டர் குழாய் நட்டுகளையும் இன்ஜெக்டர் முனையில் தளர்த்தி, ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்கி ஸ்டார்ட் செய்யலாம். ஸ்டார்ட்டரை 15 செக்கனுக்கு மேல் பிடிக்காமல், ஒவ்வொரு தடவைக்கும் இடையில் அரை நிமிடமாவது ஆற விடுங்கள். இன்ஜெக்டரில் இருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கசிவு தேடக் கையை வைக்காமல் ஒரு மட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அப்படித் தோலுக்குள் போய்விட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆசுப்பத்திரி.

இன்ஜெக்டரைச் சோதனை மேசை உள்ள இடத்தில் கொடுத்துத் தூவலையும் திறக்கும் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் செய்யக் கூடியது அல்ல. திரும்பப் பூட்டும்போது கவனிக்க வேண்டியது அடியிலுள்ள செம்பு வொஷர். ஹெட்டுக்குள்ளே பழைய வொஷர் கரியோடு ஒட்டி, உலோகத்தின் நிறமே தெரியாமல் இருக்கும். டோர்ச் அடித்துப் பார்த்து, வளைத்த கம்பியால் இழுத்து எடுங்கள். இரண்டு வொஷரோடு பூட்டிய இன்ஜெக்டர் உயர்ந்து நிற்கும், தூவல் பிஸ்டனில் வேறிடத்தில் படும், புகையும் தட்டலும் வரும். இறுக்குவது இரண்டு நட்டையும் மாறி மாறி, சமமாக. ஒரு பக்கம் இழுத்தால் நொசில் கோணலாகிச் சிக்கும்.

டீசல் பம்பைக் கழற்ற வேண்டி வந்தால், பம்பின் கழுத்திலுள்ள கீறலும் டைமிங் பெட்டியிலுள்ள கீறலும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நேராக இல்லாவிட்டாலும், நல்லாக ஓடிய எஞ்சின் என்றால், இருக்கும் நிலையில் நீங்களே கூராகக் கீறி வையுங்கள். பம்பைத் திறக்க மட்டும் வேண்டாம். இன்னொன்று: டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுவதை நிறுத்துங்கள். இந்தப் பம்புக்கு வேறு ஒயில் கிடையாது, டீசலேதான் அதற்கு ஒயில். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு இல்லை. உள்ளே தேய்ந்த பம்ப் குளிரில் ஸ்டார்ட் ஆகும், சூடான பிறகு ஆகாது. அதுதான் அடையாளம்.

எஞ்சினைத் திறப்பதென்றால்

ஹெட் நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கால் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். தள்ளுதடிகள், ரொக்கர், வால்வு எதையும் கலக்க வேண்டாம். துளை போட்ட மட்டையில் இலக்கமிட்டுக் குத்தி வையுங்கள். ஹெட்டின் முகத்தில் நேரான இரும்புச் சட்டம் வைத்து ஃபீலர் விட்டுப் பாருங்கள். நீளவாக்கில் 0.15 மி.மீ., குறுக்காக 0.08 மி.மீ. இவற்றுக்கு மேல் போனால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்க வேண்டும்.

லைனரின் மேல் விளிம்பில், ரிங் தொடாத இடத்துக்கும் தொடும் இடத்துக்கும் இடையே விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தெளிவாகத் தடுக்கினால் லைனர் தேய்ந்துவிட்டது. அப்படியான லைனரில் புது ரிங் மட்டும் போடுவது வீண்செலவு, சில மாதத்தில் திரும்பப் புகைக்கும். இந்த எஞ்சினின் லைனர் உலர் வகை: தண்ணீர் தொடாது, புளொக்குக்குள் இறுக்கி அழுத்தியது. வீட்டில் சுத்தியலால் இறக்குவதில்லை. புளொக்கை வேலைத்தளத்துக்குக் கொண்டு போய் அழுத்தியில் இறக்கி, பூட்டிய பிறகு துளைக்க வேண்டிய லைனர் வகையென்றால் அளவுக்குத் துளைத்து முடிக்க வேண்டும். பிஸ்டன் கிட்டை வாங்கி அவர்கள் கையில் கொடுத்து, அந்தப் பிஸ்டனுக்கே அளந்து எடுக்கச் சொல்லுங்கள். கிராங்கைத் தேய்ப்பது 0.010, 0.020, 0.030 அங்குலம் என்று படிப்படியாக. பெயரிங் வாங்கும் முன் பழைய பெயரிங்கின் முதுகைப் பாருங்கள். ஏற்கெனவே 030 என்று அச்சிட்டிருந்தால் அந்தக் கிராங்கில் இனி எடுக்க இடமில்லை.

கிராங்கின் பின்பக்கச் சீல் கயிறு வகை, இரண்டு அரைவட்ட வீட்டுக்குள் அமர்வது. கிளச்சுக்குள் ஒயில் போகும் வழி இது. கயிற்றை வீட்டுக்குள் வைத்து உருளைத் தண்டால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி உருட்டி அழுத்தி, நுனி இரண்டும் 0.25 முதல் 0.5 மி.மீ. வெளியே நிற்கும்படி வெட்டி, கிறாபைற் கிறீஸ் தடவிப் பூட்டுங்கள். நுனி உள்ளே போனால் கசியும். பழைய கயிறு, பழைய கிளச் தட்டு, பழைய பிறேக் லைனிங் மூன்றிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கக் கூடும். காற்றடித்துத் துடைக்காமல் நனைத்துத் துடையுங்கள்.

ஹெட் நட்டுகள் நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையில், கடைசியாக 60 அடி-இறாத்தல், அதாவது ஏறத்தாழ 81 நியூட்டன் மீற்றர். எஞ்சினைச் சூடாக்கி ஓட்டிய பிறகு இன்னொரு தடவை இறுக்கி, வால்வு இடைவெளியைத் திரும்பப் பார்க்க வேண்டும். இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ., சூட்டில் 0.25 மி.மீ. எரியும் வரிசை 1-2-3. முதல் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் மேலே வந்த நிலையில் இரண்டையும் அமையுங்கள். எஞ்சினை 240 பாகை, அதாவது முன் கப்பியை ஒரு சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு சுற்றினால் இரண்டாவது சிலிண்டர். இன்னும் அதே அளவு சுற்றினால் மூன்றாவது. கப்பியில் மூன்று சோக்குக் கோடு போட்டுக்கொண்டால் குழப்பம் வராது.

தண்ணீரும் காற்றும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது ரேடியேற்றருக்குள்ளும் புளொக்குக்குள்ளும் படியும். இப்படிப்பட்ட வண்டியின் ரேடியேற்றரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துக் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடியுங்கள். புளொக்கின் பக்க ஆணியைக் கழற்றினால் தண்ணீர் வராது பல தடவை. கம்பியால் குத்தினால் சேறு மாதிரிக் கொட்டும். பின் சிலிண்டர் எப்போதும் முதலில் சூடாகிச் சிக்குவது இந்தச் சேறு அங்கே தங்குவதால்தான். திரும்ப நிரப்புவது மழைத்தண்ணீர் அல்லது பற்றரிக்கு விடும் தண்ணீரோடு கூலன்ட். மொத்தம் 10 லீற்றர் அளவில் பிடிக்கும்.

தெர்மோஸ்டாற்றைக் கழற்றி எறிகிற வழக்கம் நம்மூர் மெக்கானிக்மாரிடம் பரவலாக இருக்கிறது. சூடாவதற்குக் காரணம் அடைத்த ரேடியேற்றர். அதை விட்டுவிட்டுத் தெர்மோஸ்டாற்றைக் கழற்றினால் எஞ்சின் வேலை செய்யும் சூட்டுக்கு வராது, டீசல் முழுதாக எரியாமல் லைனரை நனைத்து ஒயிலில் கலக்கும். புதியது வாங்கிக் கொதிதண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துப் பூட்டுங்கள்.

காற்று வடிகட்டி ஒயில் கிண்ண வகை. கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் அரை அங்குலச் சேறு இருந்தால் அதிசயமில்லை. கழுவி, கோட்டளவுக்கு எஞ்சின் ஒயில் விடுங்கள், கூட விட வேண்டாம். அதைவிட முக்கியம், வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய். கையால் வளைத்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் மயிர் வெடிப்பு இருந்தால் அறுவடைக் காலத் தூசி நேரே லைனருக்குள் போகிறது. அந்தக் குழாயை மாற்றாமல் புது லைனர் போட்டவர் அடுத்த வருசமும் லைனர் போட வேண்டியிருக்கும்.

தூக்காத லிப்ட்

கலப்பை தூக்கவில்லை என்றால் முதலில் பிடிஓ (பின்னால் பூட்டும் கருவிகளைச் சுற்றும் தண்டு) லீவரைப் பாருங்கள். இந்த வண்டியின் ஹைட்ரோலிக் பம்ப் பின் பெட்டிக்குள்ளே, பிடிஓ தண்டில் ஓடுகிறது. லீவர் விலகியிருந்தால் பம்ப் சுற்றாது, அவ்வளவுதான். அடுத்தது ஒயில். கியர்பொக்ஸ், பின் அச்சு, ஹைட்ரோலிக் மூன்றுக்கும் ஒரே ஒயில், ஏறத்தாழ 30 லீற்றர், டிப் ஸ்டிக் பார்த்து நிரப்புவது. பால் நிறமாக இருந்தால் கியர் லீவரின் ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. வடிகால் ஆணிகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன, எல்லாவற்றையும் திறவுங்கள். 90 கியர் ஒயிலை விடாமல், உழவு இயந்திரத்தின் கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் சேர்த்துச் செய்த ஒயிலை வாங்குங்கள். தடித்த ஒயிலைப் பம்பால் இழுக்க முடியாது.

ஒயில் சரி, பம்ப் சுற்றுகிறது, ஆனாலும் தூக்கவில்லை, அல்லது பாரத்தோடு துடித்துத் துடித்துத் தூக்குகிறது என்றால் வலப்பக்கம் டிப் ஸ்டிக் உள்ள மூடியைத் திறக்க வேண்டும். ஒயிலை அந்த மட்டத்துக்குக் கீழே இறக்கி, மூடியைக் கழற்றி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, டோர்ச் அடித்துப் பாருங்கள். கை, துணி எதுவும் உள்ளே போகக் கூடாது. பம்பிலிருந்து மேலே போகும் நிமிர்ந்த குழாயின் அடியிலோ தலையிலோ ஒயில் பீச்சினால் அங்குள்ள ரப்பர் வளையம் போய்விட்டது, சிறு செலவு. மேலே லிப்ட் சிலிண்டரில் இருந்து கொட்டினால் பிஸ்டன் ரிங், அதற்கு மேல் மூடியைத் தூக்க வேண்டும். மூடி கனமானது, சங்கிலிக் கப்பி வேண்டும். எஞ்சின் ஓடும்வரை நின்று, அணைத்ததும் கலப்பை கீழே இறங்கினாலும் இதே ரிங்கையும் கட்டுப்பாட்டு வால்வையும் சந்தேகிக்க வேண்டும். மூடியைத் திரும்ப இறக்கும்போது தொங்குகிற கட்டுப்பாட்டு லீவர்கள் பம்பின் வால்வு லீவரோடு பழைய இடத்திலேயே சேர்கின்றனவா என்று பக்கத் துவாரத்தால் பாருங்கள். கழற்றும்போது ஒரு படம் எடுத்து வைத்தால் இந்த இடத்தில் கைகொடுக்கும்.

நடுவால் பிரிப்பது

கிளச் மாற்ற வண்டியை எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையே பிரிக்க வேண்டும். இது தனி ஆள் வேலை அல்ல. முன் அச்சு நடு ஆணியில் ஊஞ்சலாடுவது. பிரித்த கணத்தில் எஞ்சின் ஒரு பக்கம் சரியும். அதைத் தடுக்க, பிரிக்கும் முன்பே அச்சுக்கும் முன் தாங்கிக்கும் இடையில் இரண்டு பக்கமும் வைரமான மர ஆப்பு அடித்து இறுக்குங்கள். கியர்பொக்ஸின் கீழ் ஸ்டாண்ட், பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை, சம்புக்குக் கீழ் உருளும் ஜக். இவை மூன்றும் வைத்த பிறகுதான் கடைசி போல்டைக் கழற்ற வேண்டும்.

உள்ளே போனதும் தட்டை மட்டும் மாற்றிவிட்டு மூட வேண்டாம். தள்ளும் பெயரிங், பிளைவீல் நடுவிலுள்ள சிறு பெயரிங், பிளைவீல் பல் வளையம், மேலே சொன்ன கயிற்றுச் சீல் எல்லாம் கைக்கெட்டும் நேரம் இது. இரட்டைக் கிளச் என்றால் தட்டை விடுவிக்கும் விரல்கள் மூன்றின் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி எடுக்கும்போது நடுங்கும். சேர்க்கும்போது தட்டுகளை மையத் தண்டால் நேராக்கி, பிளைவீலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே கையால் தள்ளிச் சேர்க்க வேண்டும். ஒரு விரல் இடைவெளி மிஞ்சி நிற்கிறது, போல்டால் இழுத்துவிடலாம் என்று தோன்றும். இழுத்தால் தட்டின் நடு வளையும், அல்லது வார்ப்பு வெடிக்கும். பின்னுக்கு எடுத்துத் திரும்பவும் சேருங்கள்.

சில்லு, பிறேக், ஸ்டியரிங்

பிறேக் பிடிக்காத மெசியில் லைனிங் நல்லாக இருந்து ஒயிலில் ஊறியிருப்பதுதான் அதிகம். பின் அச்சுச் சீல் கசிவது காரணம். ஊறிய லைனிங்கை எரித்தோ பெற்றோலில் கழுவியோ திரும்பப் போட வேண்டாம். அச்சிலுள்ள பெயரிங் வளையம் இறுக்கி ஏற்றியது, அந்தப் பகுதியை வேலைத்தளத்தில் கொடுங்கள். பூட்டிய பிறகு இரண்டு பக்கமும் ஒரேயளவு பிடிக்க வேண்டும். பிறேக் ஒழுங்குத் திருகைச் சில்லு இறுகும்வரை திருகி, தடையின்றிச் சுற்றும்வரை தளர்த்தி, இரண்டு மிதியையும் சேர்த்துப் பூட்டி ஒழுங்கையில் சோதியுங்கள்.

முன் அச்சின் நடு ஆணிப் புஷ், கிங்பின் புஷ் இரண்டும் சேற்று வயலில் ஓடிய வண்டியில் போயிருக்கும். முன்பக்கத்தை ஜக்கில் தூக்கிச் சில்லை மேலும் கீழும் ஆட்டினால் தெரியும். கிறீஸ் நிப்பிளில் கிறீஸ் ஏறாவிட்டால் நிப்பிளைக் கழற்றித் துளையைக் குத்தித் திறவுங்கள். முன் சில்லுகள் முன்பக்கம் 0 முதல் 6 மி.மீ. ஒடுங்கி நிற்க வேண்டும். இந்த வண்டிக்கு இழுதடி இரண்டு பக்கமும் இருப்பதால் இரண்டையும் சமமாகத் திருக வேண்டும். ரயர் முன்னுக்கு 6.00-16, பின்னுக்கு 11-28 வழக்கமான அளவு. பின் ரயருக்குள் தண்ணீர் நிரப்பியிருக்கலாம். வால்வை அமுக்கித் தண்ணீர் வருகிறதா என்று பார்க்காமல் சில்லைக் கழற்றினால் அந்தப் பாரத்தை இரண்டு பேரால் பிடிக்க முடியாது.

மின்

12 வோல்ட். பழைய டைனமோ வண்டிகளில் பற்றரியின் கூட்டல் முனை வண்டியுடலில் இணைத்திருப்பதும் உண்டு. பற்றரி வைக்கும் முன் எந்த வயர் உடலுக்குப் போகிறது என்று பாருங்கள். சுணக்கமாகச் சுற்றும் ஸ்டார்ட்டருக்குப் புது ஸ்டார்ட்டர் வாங்க முன், சுற்றும் நேரத்தில் பற்றரி முனைக்கும் ஸ்டார்ட்டர் முனைக்கும் இடையே வோல்ட் அளவுங்கள். 0.5க்கு மேல் காட்டினால் பழுது வயரில். 35 சதுர மி.மீ.க்குக் குறையாத தடித்த வயரும், பெயின்ட் சுரண்டிய உடல் இணைப்பும் போடுங்கள்.

பெயின்ட்

எல்லாம் ஓடி, கசிவு நின்ற பிறகுதான். மண்ணெண்ணெயும் தூரிகையும், பிறகு சவர்க்காரத் தூள் தண்ணீர். எஞ்சின் பூட்டியபடி மணல் அடித்துத் துருவெடுக்க வேண்டாம். மணல் எந்தச் சீலுக்குள்ளும் போகும். தகடுகளைத் தனியே கழற்றிச் சுரண்டி, உட்பக்கத்துக்கும் பிறைமர் அடியுங்கள், தகடு உக்குவது உள்ளேயிருந்துதான். தகடுகள் சிவப்பு, எஞ்சினும் உடலும் மினுக்கச் சாம்பல், சில்லு வெள்ளிச் சாம்பல். ஹார்ட்னர் கலக்கும் பெயின்ட் என்றால் அதற்குரிய முகமூடி இல்லாமல் அடிக்க வேண்டாம், துணி கட்டுவது போதாது. டாஷ் பலகையிலுள்ள தொடரிலக்கத் தகட்டின் மேல் பெயின்ட் படாமல் ஒட்டு நாடா போடுங்கள். பாகம் வாங்கவும் பதிவுக்கும் அந்த இலக்கம் வேண்டும்.

முதல் 50 மணித்தியாலம்

புது எஞ்சின் என்றால் 6.8 லீற்றர் ஒயில் விட்டு, ஸ்டொப் பிடியை இழுத்தபடி ஒயில் அழுத்தம் காட்டும்வரை ஸ்டார்ட்டரில் விட்டு விட்டுச் சுற்றி, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். மணிக்கணக்கில் வெறுமனே ஓடவிடுவது தவறு. பாரமில்லாமல் ஓடினால் ரிங் லைனரில் பதியாமல் பளபளப்பு ஏறி, ஒயில் குடிக்கும். சூடானதும் வெறும் பெட்டி இழுப்பது, மேலோட்டமாகக் கொத்துக்கலப்பை போடுவது மாதிரி நடுத்தர வேலை கொடுங்கள். 25 மணித்தியாலத்தில் ஒயிலும் பில்டரும் மாற்றி, ஹெட்டை இறுக்கி, வால்வைப் பாருங்கள். 50இல் கியர்பொக்ஸ் ஒயில் மட்டம், சில்லு நட்டுகள், ஸ்டியரிங் பந்து மூட்டுகள். காலபோக உழவுக்கு இறக்குவதென்றால் இந்த 50 மணித்தியாலமும் ஆவணிக்குள் முடிந்திருக்க வேண்டும். முதல் மழை விழுந்த பிறகு சோதித்துத் திருத்த நேரம் கிடைக்காது.

135இல் பெரும்பாலும் கவிழ்வுச் சட்டம் கிடையாது. புதைந்த வண்டியையோ மரக் குற்றியையோ இழுக்கும்போது சங்கிலியைக் கீழ் இழுசட்டத்தில் மட்டும் பூட்டுங்கள். மேல் இணைப்பிலோ அச்சிலோ பூட்டினால் முன் சில்லு எழும்பி வண்டி ஓட்டுபவர் மேலேயே பின்பக்கமாக விழும். கிளச்சில் கால் வைக்கவும் நேரம் இருக்காது.